குரலைக் கம்மச் செய்யும் இதயம்

கேரள எல்லையோரக் களியக்காவிளைச் சந்தையில் வாழைக்குலைக்கு விலை கூவும் அக்கா ஒருவரின் குரல், ஒரு மழைக்காலத்தில் கம்மத் தொடங்கி, சுக்குக் காப்பிக்கும் உப்புநீர்க் கொப்பளிப்புக்கும் மசியாமல் மாதக்கணக்கில் அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. மரச்சீனிக் கிழங்கு நெஞ்சின் நடுவே தங்கித் தங்கி இறங்கியது. காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய்க் கேமராவை உள்ளே செலுத்திப் பார்த்தபோது, இடப்பக்கக் குரல்நாண் மட்டும் அசையாமல் கிடந்தது. தொண்டையில் வேறு குறை இல்லை. குறை இதயத்தில் இருந்தது.

இதற்குக் காரணம் ஒரு நரம்பின் விசித்திரமான பாதை. கருவில் கழுத்தருகே உருவாகும் இதயம் மார்புக்குள் இறங்கும்போது, குரல்வளைக்குரிய இடது நரம்பையும் கீழே இழுத்து வந்துவிடுகிறது. அதனால் அந்த நரம்பு மார்புக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவின் அடியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் கழுத்துக்கு ஏறுகிறது. வலது நரம்போ கழுத்தடியிலேயே திரும்பிவிடும்.

அக்காவுக்குச் சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் கண்டிருந்தது. அந்த வாதக் காய்ச்சல், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஈரிதழ் வால்வைத் தழும்பாக்கிச் சுருக்கக்கூடியது. இயல்பில் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்கும் வால்வின் வாய், நோய் முற்றினால் 1.5க்கும் கீழே குறுகும். இரத்தம் தேங்கி இடது மேலறை ஊதும், நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறும். 1897இல் வியன்னா மருத்துவர் நோர்பெர்ட் ஓர்ட்னர், ஊதிய மேலறையே நரம்பை நசுக்குவதாகக் கருதினார். விரிந்த நுரையீரல் தமனிக்கும் பெருந்தமனிக்கும் இடையில் நரம்பு நெரிபடுவதே முதன்மையான காரணம் என்று பின்வந்தோர் கண்டனர். பெருந்தமனி வளைவு புடைத்து வீங்கினாலும் இதே நரம்பு நசுங்கும்.

விழுங்கும் சிரமத்துக்கு ஒன்றல்ல, இரண்டு வழிகள் உண்டு. செயலிழந்த குரல்நாண் மூச்சுக்குழாயைச் சரியாக மூடாததால் தண்ணீர் புரையேறுகிறது. உணவுக்குழாய் இடது மேலறையின் முதுகை ஒட்டியே செல்வதால், ஊதிய அறை அதை அமுக்குகிறது. இதயத்தைத் தெளிவாகப் பார்க்க மருத்துவர்கள் உணவுக்குழாய் வழியே எக்கோ கருவியை இறக்குவதும் இந்த நெருக்கத்தால்தான்.

குரல் கம்முவதற்குப் பெரும்பாலும் சளியோ கத்தலோதான் காரணம். ஆனால் மூன்று வாரம் கடந்தும் தெளியாத குரலுடன், படியேறும்போது மூச்சுவாங்கலும் சேர்ந்தால், மார்பையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். தாமதம் ஆக ஆக நரம்பு மீளும் வாய்ப்பு குறைகிறது. சுருங்கிய வால்வை மாற்றவும் வழி உண்டு. எல்லைக்கு அப்பால், திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய செயற்கை வால்வு 1990இலேயே மனித இதயத்தில் பொருத்தப்பட்டது.

அக்காவுக்கும் வால்வு மாற்றினார்கள். கூவல் பழைய உயரத்தை எட்டவில்லை. தண்ணீர் இப்போது புரையேறுவதில்லை.