குளோன்: போலியா, ஒத்தியங்கியா?

ஒரு நிறுவனத்தின் கணினியைப் போலவே இயங்கும்படி இன்னொருவர் செய்த கணினியை ஆங்கிலத்தில் 'குளோன்' என்பார்கள். கணினியைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் அந்தச் சொல்லுக்கு நேராகச் சிலர் 'போலி' என்று எழுதிவிடுகிறார்கள். கடைத்தெரு வழக்கில் பார்த்தால் இது தவறு; இலக்கண வழக்கில் பார்த்தாலோ இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஒரே சொல் ஓரிடத்தில் பழியாகவும் இன்னோரிடத்தில் சரியான வரையறையாகவும் நிற்பது எப்படி என்று விளங்க வேண்டுமானால், குளோன் எங்கே பிறந்தது, கணினிக்கு வந்தபோது எதை விட்டுவிட்டு வந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

குளோன் ஒரு தோட்டத்துச் சொல். கிரேக்கத்தில் அதற்கு இளங்கொப்பு, தளிர் என்று பொருள். அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய ஹெர்பர்ட் வெப்பர் என்ற தாவரவியலர், விதை போடாமல் கிழங்கு, கிளைத்துண்டு, ஒட்டு ஆகியவற்றின் வழியாகப் பெருக்கப்படும் செடிகளின் கூட்டத்தைக் குறிக்க ஒரு குறுஞ்சொல் வேண்டும் என்று கருதி, 1903இல் இதை ஆங்கிலத்தில் புகுத்தினார். சொல் அவருக்குத்தான் புதிது. செய்கை நம் உழவர்களுக்குப் பழையது. கரும்பில் கரணை, முருங்கையில் போத்து, வாழையில் பக்கக்கன்று, மல்லிகையில் பதியன் என்று பயிருக்கொரு பெயரே வைத்திருக்கிறார்கள். முருங்கைப் போத்து ஒன்றை வெட்டி அடுத்த வீட்டுக் கொல்லையில் ஊன்றினால், அங்கே வளர்வதைத் தாய்மரத்தின் பிள்ளை என்பதைவிட, அதே மரம் இன்னோரிடத்தில் நிற்கிறது என்று சொல்வதுதான் சரி. உயிரியலில் இந்தச் சொல்லின் உயிர்நிலை அந்த உடல் தொடர்ச்சிதான். தாயின் ஒரு துண்டு இல்லாமல் சேய் இல்லை.

கணினிக்கு வந்தபோது அந்தத் தொடர்ச்சிதான் முதலில் அறுந்தது. ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகஸ்ட் 12 அன்று தன் 5150 என்ற சொந்தக் கணினியை வெளியிட்டது. ஃபுளோரிடாவின் போகா ரட்டோன் ஊரில் இருந்த சிறு குழு ஒன்று அதைக் குறுகிய காலத்தில் முடிக்க வேண்டியிருந்ததால், செயலி முதல் நினைவகம் வரை பெரும்பாலும் வெளிச்சந்தையில் எவரும் வாங்கக்கூடிய உறுப்புகளையே பயன்படுத்தியது. செயலி இன்டெலின் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். இயக்குதளத்தை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. அதை மற்றவர்களுக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆகவே அதே உறுப்புகளை வாங்கி, அதே இயக்குதளத்தைப் போட்டு, அதே கணினியை எவரும் செய்துவிடலாம் என்ற நிலை. தடையாக நின்றது ஒன்றே ஒன்று: பலகையில் பதிந்த சில்லுக்குள் இருந்த பயாஸ் என்ற சிறு நிரல். மின்சாரம் வந்தவுடன் விழித்து, நினைவகத்தைச் சோதித்து, விசைப்பலகையையும் வட்டையும் இயக்குதளத்துக்கு அறிமுகப்படுத்தும் நிரல் அது. அதன் மூல வரிகளை ஐபிஎம் தன் தொழில்நுட்பக் கையேட்டில் முழுமையாக அச்சிட்டே விற்றது. படிக்கலாம், படியெடுத்தால் பதிப்புரிமை மீறல்.

படியெடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை ஆப்பிள் பக்கத்தில் பார்க்கலாம். ஆப்பிள் 2 கணினியைப் போன்ற ஒன்றை ஃபிராங்க்ளின் நிறுவனம் 1982இல் விற்றபோது, ஆப்பிளின் நிரல்களை வரிக்கு வரி அப்படியே எடுத்துக்கொண்டிருந்தது. ஆப்பிள் நிரலர் ஒருவரின் பெயர்கூட ஃபிராங்க்ளின் விற்ற வட்டில் அழிக்கப்படாமல் கிடந்தது. விடைத்தாளைப் பார்த்து எழுதியவன் பக்கத்துப் பையனின் பதிவெண்ணையும் சேர்த்து எழுதிய கதைதான். சில்லுக்குள் இருக்கும் நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு என்று 1983இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆப்பிளின் பக்கம் தீர்ப்பளித்தது.

ஐபிஎம் பக்கத்தில் வென்றவர்கள் வேறு வழியில் போனார்கள். கொலம்பியா டேட்டா புராடக்ட்ஸ் 1982இலும், அந்த ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்ட தூக்கிச் செல்லும் கணினியோடு ஹூஸ்டனின் காம்பேக்கும் பயாஸ் என்ற தடையை முதலில் கடந்தன. 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் தன் பயாஸை எவருக்கும் உரிமத்தோடு விற்கத் தொடங்கிய பிறகு கதவு முழுதாகத் திறந்துகொண்டது. இவர்கள் கையாண்டதற்குத் 'தூய அறை' முறை என்று பெயர். ஒரு குழு ஐபிஎம்மின் நிரலைப் படித்து, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதி வைக்கும். எப்படிச் செய்கிறது என்பதை எழுதாது. மூல நிரலைக் கண்ணாலும் பார்த்திராத இரண்டாம் குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புது நிரல் எழுதும். பிறக்கும் நிரலில் ஒரு வரிகூட மூலத்திலிருந்து எடுத்ததாக இராது. ஆனால் எந்தக் கேள்வி கேட்டாலும் மூலம் சொல்லும் விடையையே சொல்லும். தாயின் துண்டு ஒன்றும் சேயில் இருக்கக் கூடாது என்பதே இங்கே சட்டம். தோட்டத்துக் குளோனுக்கு நேர் எதிரான ஒன்றுக்குத் தோட்டத்துச் சொல்லே பெயராக அமைந்துவிட்டது.

எழுத்து வேறு, வேலை ஒன்று. இதை நம் இலக்கணம் எந்தப் பெயரால் அழைக்கிறது? பள்ளியில் படித்தது நினைவிருக்கும்: அகம் என்பது அகன் என்று வரும், நிலம் நிலன் ஆகும், மயல் மையல் ஆகும், ஐந்து அஞ்சு ஆகும். ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்றும் பொருள் மாறாதிருப்பது போலி. 'போல்' என்ற அடியிலிருந்து பிறந்த சொல் அது. ஏமாற்று என்ற வாடையே அதில் இல்லை. அகன் என்று எழுதியவர் அகத்தைத் திருடியதாக எந்த உரையாசிரியரும் குற்றம் சாட்டவில்லை. ஃபீனிக்ஸ் பயாஸ் இந்தப் பொருளில் தூய முற்றுப்போலி: எழுத்தெல்லாம் மாறியும் பொருள் மாறாதது.

பொருள் மாறவில்லை என்பதை அன்றைய ஆர்வலர்கள் இரண்டு மென்பொருள்களை ஓட்டிப் பார்த்துச் சோதித்தார்கள். ஒன்று லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள். மற்றது மைக்ரோசாஃப்டின் விமான விளையாட்டு. இவை இரண்டும் இயக்குதளத்தைக் கேட்டுக்கொண்டிராமல் வன்பொருளை நேராகத் தொட்டு வேலை செய்ததால், சிறு பிசகு இருந்தாலும் திரை காட்டிக்கொடுத்துவிடும். பிற்பாடு மூலத்தைவிட வேகமான குளோன்கள் வந்தபோது வேறொரு சிக்கல் முளைத்தது. 4.77 மெகாஹெர்ட்ஸை நம்பிக் காலம் அளந்த விளையாட்டுகள் புதுக்கணினியில் தலைதெறிக்க ஓடின. அதற்காகப் பெட்டியின் முகப்பில் 'டர்போ' என்று ஒரு பொத்தானை வைத்தார்கள். பெயர்தான் டர்போ, அதன் உண்மையான பயன் கணினியை மெதுவாக்குவது. மூலத்தைவிடத் திறன் கூடியது, மூலத்தைப் போல நடிப்பதற்காகத் தன் காலைத் தானே கட்டிக்கொண்டது. கள்ளச்சரக்கு எதுவும் இவ்வளவு பாடுபட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதைவிட எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு சோவியத் நாட்டில் இருக்கிறது. பிரிட்டனின் சின்க்ளேர் நிறுவனம் 1982இல் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற மலிவுக் கணினியை விற்றது. விலையைக் குறைப்பதற்காக, திரையையும் நினைவகத்தையும் மேய்க்கும் மின்சுற்றையெல்லாம் ஃபெரான்டி நிறுவனம் செய்துகொடுத்த ஒரே சில்லுக்குள் அடக்கியிருந்தது. அந்தச் சில்லு சோவியத் ஆர்வலர்களின் கைக்கு எட்டாதது. எனவே அது செய்யும் வேலையைச் சிறு சிறு தருக்கச் சில்லுகளாகப் பிரித்து, பலகையில் வரிசையாகப் பற்றவைத்து, லெனின்கிராட், பென்டகன், ஸ்கார்ப்பியன் என்ற பெயர்களில் தங்கள் ஸ்பெக்ட்ரம்களைக் கட்டினார்கள். இவற்றுள் பென்டகனில் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. மூல ஸ்பெக்ட்ரமில் திரையின் ஒரு சட்டகத்துக்கு, அதாவது திரையை ஒருமுறை வரைந்து முடிப்பதற்குள், செயலி 69,888 துடிப்புகளை எடுத்துக்கொள்ளும். பென்டகனில் அது 71,680. மூலத்தில் திரைச்சுற்று நினைவகத்தைப் படிக்கும்போது செயலி காத்து நிற்க வேண்டும். பென்டகனில் அந்தக் காத்திருப்பும் இல்லை. ரஷ்ய நிரலர்கள், திறமையைக் காட்டுவதற்கென்றே எழுதும் 'டெமோ' என்ற வாண வேடிக்கை நிரல்களைப் பென்டகனின் துடிப்புக்கே எழுதினார்கள். அவற்றை இன்று அசல் ஸ்பெக்ட்ரமில் ஓட்டினால் வண்ணப் பட்டைகள் இடம் பிசகி நிற்கின்றன. குளோனுக்காக எழுதியது மூலத்தில் சரியாக ஓடவில்லை என்று ஆன பிறகு, எது எதற்குப் போலி?

இனி நம் சொற்களுக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கடைகளில் குளோன் என்ற சொல் பெரிதாகப் புழங்கியதில்லை. சென்னை ரிச்சி தெருவில் "பிராண்டடா, அசெம்பிள்டா?" என்றுதான் கேட்பார்கள். என் முதல் கணினியும் அசெம்பிள்டுதான். கடைப் பையன் மின்வழங்கியிலிருந்து வரும் இரண்டு செருகிகளைக் கையில் கொடுத்து, "கறுப்பும் கறுப்பும் நடுவுல வரணும் சார், மாத்திப் போட்டா போர்டு போயிடும்" என்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. பி8, பி9 என்ற அந்த இரண்டு செருகிகளும் ஐபிஎம் வகுத்த அமைப்பு. அந்தப் பெட்டியில் ஐபிஎம் செய்த திருகாணி ஒன்றுகூட இல்லை. ஆனால் கறுப்புக் கம்பிகளின் வரிசை மட்டும் ஐபிஎம்முடையது. அசெம்பிள்டு என்பது கணினி எப்படி உருவானது என்பதைச் சொல்கிறது. எதற்கு ஒத்தது என்பதைச் சொல்லவில்லை. ஆகவே அது குளோனுக்கு ஈடாகாது.

நகல், நகலி ஆகியவற்றைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். நகல் அரபியிலிருந்து வந்து நம் அலுவலகங்களில் நிலைத்த சொல். (தமிழிலேயே ஒரு நகல் உண்டு, குறளில் வரும் அந்த நகலுக்குச் சிரித்தல் என்று பொருள்.) வேற்றுமொழிச் சொல் என்பதால் அதை நான் விலக்கவில்லை. ஒன்றைப் பார்த்து அப்படியே எடுத்தது என்ற பொருள் அதில் ஊறியிருக்கிறது. ஃபிராங்க்ளினுக்கு அது பொருந்தும், காம்பேக்குக்குப் பொருந்தாது. படியாக்கம் என்பதற்கும் இதே மறுப்புதான். வட்டு ஒன்றில் உள்ளதைத் துணுக்கு மாறாமல் இன்னொரு வட்டுக்கு மாற்றுவதையும் குளோன் என்கிறார்கள். அங்கே படியெடுத்தல் என்பதே போதும், நல்ல தமிழும்கூட.

போலியைக் கடையிலிருந்து மீட்டு இலக்கணத்துக்குத் திருப்பிவிடலாம் என்ற ஆசை எனக்கு இருந்தது. நடக்காது. போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்று நாள்தோறும் படிக்கும் கண், போலிக் கணினி என்றால் வேறெதையும் நினைக்காது. மேலும் அந்தச் சொல்லுக்கு அங்கே உண்மையான வேலை இருக்கிறது. ஆர்வலர்கள் மின்னணுக் கருவிகளைச் செய்து பழகும் ஆர்டுவினோ என்ற சிறு பலகையின் வரைபடங்கள் எவரும் எடுத்துச் செய்ய வெளியிடப்பட்டவை. அதே அமைப்பில் வேறு பெயரோடு, சிஎச்340 என்ற மலிவான யூஎஸ்பி சில்லைப் போட்டு வருவது குளோன். அதே பலகையின் மேல் ஆர்டுவினோ என்ற பெயரையும் சின்னத்தையும் அச்சிட்டு விற்றால் அது போலி. யூஎஸ்பி சில்லுகளைச் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் பெயரை மேலே பொறித்துக்கொண்டு வேறெவரோ செய்த சில்லுகள் புழங்கியதால், 2014இல் அந்நிறுவனம் தன் இயக்கி மென்பொருள் வழியாக அவற்றின் அடையாள எண்ணைச் சுழியாக்கிச் செயலிழக்க வைத்தது. வாங்கி மாட்டியவர்களைத் தண்டித்த அந்தச் செயல் எனக்கு உடன்பாடன்று. ஆனால் சில்லுகள் போலி என்பதில் ஐயமில்லை. பெயரைத் திருடுவது போலி. வேலையை ஒப்பது குளோன். உரிமையாளரின் ஒப்புதல் இருந்ததா என்பது தனிக் கேள்வி: ஆப்பிளே 1995 முதல் சில நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து மெக்கின்டாஷ் குளோன்களைச் செய்ய விட்டது, 1997இல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்து அதை நிறுத்தினார்.

எனவே என் தெரிவு ஒத்தியங்கி. தான் இயங்குவது தானியங்கி என்றால் ஒத்து இயங்குவது ஒத்தியங்கி. புணர்ச்சியில் முரணில்லை, சொல்லவும் நாவு தடுமாறாது. 'கம்பேட்டிபிள்' என்ற பெயரடையையும் இதே அடியில் 'ஒத்தியங்கும்' என்று சொல்லிவிடலாம். (அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு உடன் துன்புறுதல் என்று பொருள், வன்பொருள் இயக்கி தேடி இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள்.) காம்பேக் செய்தது ஐபிஎம் ஒத்தியங்கி, பென்டகன் ஸ்பெக்ட்ரமின் ஒத்தியங்கி, சிஎச்340 பூட்டிய பலகை ஆர்டுவினோ ஒத்தியங்கி என்று எழுதினால் பழியும் இல்லை, புகழும் இல்லை. முருங்கைக்கு மட்டும் இந்தச் சொல் வேண்டாம்; போத்து என்பதே போதும்.