கொசு ஒண்ணும் பழகல லா

பிளாட்டுல ஒரு டிங்கி கேஸ் வந்துட்டா போதும், சாயங்காலம் புகை அடிக்க வந்துடுவாங்க. சன்னல தொறந்து வைங்கன்னு சொல்வாங்க, நாம சாத்திட்டு உள்ள உக்காந்துக்குவோம், அது வேற கதை. போன தடவை அடிச்ச மறுநாளே எனக்கு கடி. கீழ்வீட்டு ஆண்ட்டி, "கொசுவுக்கு மருந்து பழகிப்போச்சு தம்பி"ன்னாங்க.

பழகலை. எந்தக் கொசுவும் ஒரு தடவை மூச்சுல வாங்கி அடுத்த தடவைக்கு தேறி வர்றதில்ல.

ஃபோகிங்லயும் கொசுவத்தியிலயும் நிறைய போடறது பைரித்ராய்டு வகை மருந்து. கொசுவோட நரம்புல சோடியம் உள்ள வர்றதுக்குன்னு குட்டிக்குட்டி கதவு இருக்கும், தொறந்ததும் மூடணும், இந்த மருந்து போய் அதுல ஆப்பு மாதிரி செருகிக்கும், கதவு மூடாது, நரம்பு விடாம துடிச்சு துடிச்சு கொசு மல்லாந்துடும். ஆனா ஜீன் காப்பி ஆகும்போது எங்கயோ ஒரு எழுத்து மாறி பொறந்த கொசு சிலது இருக்கும், அதுங்களோட கதவு வடிவம் லேசா வேற, ஆப்பு சரியா உக்காராது. மருந்துக்காக மாறினது இல்ல, சும்மா தற்செயலா மாறினது. மருந்து இல்லாத ஊர்ல அதனால ஒரு லாபமும் இல்ல, சில சமயம் நஷ்டம்தான்.

புகை வந்ததும் கதை மாறுது. மத்ததெல்லாம் செத்துடும், மாறினது மட்டும் மிஞ்சும். ஒரு பொட்டைக் கொசு ஒரு தடவைக்கு கிட்டத்தட்ட நூறு முட்டை போடும், நம்ம ஊரு சூட்டுல பத்து நாளுக்குள்ள எல்லாம் பறக்கும், அதுல நிறைய அம்மாவோட கதவையே வாங்கிட்டு வரும். கொசுக்கூட்டம் மாறிப்போச்சு, ஒத்தக் கொசு மாறல. டார்வின் 1859-ல எழுதின இயற்கைத் தேர்வு இதுதான், நம்ம படிக்கட்டுலயே நடக்குது.

எனக்கு ரொம்ப புடிச்ச ஆதாரம் ஒண்ணு இருக்கு. அந்தக் கதவு ஒரு புரதம், அமினோ அமிலம்ங்கற மணிங்க வரிசையா கோத்த மாலை மாதிரி. அதுல 1016-ஆவது இடம். மலேசியா உட்பட ஆசியாவுல டிங்கி பரப்பற ஏடிஸ் கொசுவுக்கு அங்க வேலின்ங்கற மணி போய் கிளைசின்ங்கற மணி வந்திருக்கு, லத்தீன் அமெரிக்காவுல அதே இடத்துல ஐசோலூசின். ரெண்டு பக்கமும் ஒரே வகை மருந்து, தப்பிச்ச வழி தனித்தனி.

இன்னொண்ணு, புகை பறக்கற கொசுவத்தான் கொல்லும். என் மணி பிளாண்ட் ஜாடிக்கு அடியில தட்டுல தேங்கின தண்ணிய டார்ச் அடிச்சுப் பாத்தேன், குட்டிப் புழுங்க தலைகீழா தொங்குது, தட்டினா நெளிஞ்சு அடிக்குப் போகுது, ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல.

இவ்வளவும் விளக்கி முடிச்சதும் ஆண்ட்டி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "அப்ப அந்தத் தட்டு உன்னோடதா தம்பி?"