கிரிப் சேஃப்டி மாற்றப் போகிறீர்களா?

அமெரிக்காவில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறையில் 1911 வகைப் பிஸ்டல்கள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். பிடியின் பின்புறத்தில் உள்ளங்கை அழுத்தினால்தான் சுடவிடும் பாதுகாப்புப் பாகம்தான் கிரிப் சேஃப்டி. உரிமையாளர் தானே வாங்கிப் பொருத்திய கிரிப் சேஃப்டியோடு வருபவைதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கின்றன. ஏனென்றால், அந்தப் பாகம் வேலை செய்யாவிட்டாலும் யாருக்கும் தெரியாது. பிடியை இறுக்கிப் பிடித்துச் சுடும்போது பிஸ்டல் வழக்கம்போல் சுடும். பிடிக்காதபோதும் சுடுமா என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

பெருவிரலால் தள்ளும் பூட்டான தம்ப் சேஃப்டியின் தண்டுதான் கிரிப் சேஃப்டிக்கு அச்சு. உள்ளே நீளும் அதன் கை முனை, விசையின் (டிரிகரின்) பின்பகுதிக்கு நேராக நின்று அதைப் பின்னால் நகரவிடாமல் தடுக்கிறது. உள்ளங்கை அழுத்தும்போது முனை மேலெழுந்து வழிவிடுகிறது. அவ்வளவுதான் இதன் வேலை. ஊசியை அடிக்கும் சுத்தியலான ஹேமரையோ, அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கியான சியரையோ இது பிடிப்பதில்லை. பிஸ்டல் எப்படிக் கீழே விழுந்தாலும் கிரிப் சேஃப்டி ஒன்றே காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் அதை மறந்துவிடலாம்.

ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்தப் பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்றது. 1920-களில் வந்த ஏ1 மாதிரியில் கிரிப் சேஃப்டியின் வாலை நீட்டினார்கள். பின்னோக்கி வரும் ஹேமர், பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதையைக் கடித்ததே காரணம். இன்றைய அகன்ற பீவர்டெயில் வால்கள் அதே வழியில் வந்தவை. ஆகவே கடை அலமாரியைப் பார்க்கும் முன் உங்கள் கையைப் பாருங்கள். சதை கடிபடுகிறதென்றால் வால் முக்கியம். பெருவிரலைத் தம்ப் சேஃப்டியின் மேல் உயர்த்தி வைத்துச் சுடுபவரா? அந்தப் பிடியில் உள்ளங்கை சற்று விலகிவிடும்; கிரிப் சேஃப்டி முழுதாக அழுந்தாது; விசை நகராது. கீழ்ப்பகுதியில் மேடு வைத்த வகை உங்களுக்கானது. இரண்டு தொல்லையும் இல்லையென்றால், பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள். பிஸ்டலின் உடற்சட்டத்தின் (ஃபிரேம்) பின்வளைவுக்கு 0.220 அங்குலம், 0.250 அங்குலம் என்ற ஆரங்களில் பாகங்கள் கிடைக்கின்றன. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, ஆனால் ஒன்றுக்கு வெட்டிய சட்டத்தில் மற்றொன்று சரியாக உட்காராது. அடுத்து ஹேமர்: பழைய நீண்ட கொம்புள்ள ஹேமர் பல பீவர்டெயில்களில் முட்டும், வளைய வடிவ ஹேமரும் சேர்த்து வாங்க நேரிடும். மூன்றாவது, ஊசித் தடுப்பு, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி முன்னே போகாமல் தடுக்கும் பாகம். கோல்ட் நிறுவனத்தின் சீரிஸ் 80-இல் அதை விசை இயக்குகிறது. கிம்பர் நிறுவனத்தின் சீரிஸ் 2-இல் கிரிப் சேஃப்டியே இயக்குகிறது. அந்த வகையில் பொதுவான பாகம் ஒன்றைப் பொருத்தினால் ஹேமர் விழும், தோட்டா வெடிக்காது.

‘அப்படியே பொருத்தலாம்’ என்று உறையில் அச்சிட்டிருப்பதை நான் நம்புவதில்லை. நல்ல பாகத்தில் உள்முனை வேண்டுமென்றே சற்றுப் பெரிதாக விடப்பட்டிருக்கும். அழுத்தியும் விசை விடுபடவில்லையென்றால் முனையின் அடிமுகத்தை மெல்லிய அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்து, மாட்டிப் பார்த்து, மீண்டும் கழற்ற வேண்டும். பொறுமை சோதிக்கும் வேலை. முன்முகத்தைத் தேய்த்தால் தடுக்கப்படும் முன்பே விசை நகர ஆரம்பித்துவிடும். சாணை எந்திரத்தில் வைப்பவர்களுக்கு என்ன சொல்வது? தேய்ந்துபோன உலோகம் திரும்பி வராது.

சோதனைக்கு முன் மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா இருக்கும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். ஹேமரை ஏற்றி, பிடியை அழுத்தாமல் விசையை நன்றாக இழுங்கள், ஹேமர் விழக்கூடாது. விசையை விட்டபின் பிடியை அழுத்தினாலும் விழக்கூடாது. அடுத்து, பிடியை அழுத்தி ஹேமரை இறக்குங்கள். முதலில் விசையை விட்டு, பிறகு பிடியைத் தளர்த்தினால் கிரிப் சேஃப்டி தானாகத் திரும்பித் தடுக்க வேண்டும். ஏறத்தாழ பாதி தூரம் அழுத்தியதும் விடுபடுவது எனக்குப் பிடித்த அளவு. தொட்டதும் விடுபட்டால் அது பெயருக்குத்தான் சேஃப்டி.

கிரிப் சேஃப்டியை நிரந்தரமாக அழுத்திவைத்து முடக்கித் தரச் சொல்பவர்களும் உண்டு. பிரௌனிங் ஹை-பவரில் அது இல்லவே இல்லையே என்பார்கள். அது இல்லாமலே வடிவமைக்கப்பட்ட பிஸ்டல் அது. இருப்பதை முடக்கும் வேலையை நான் எடுப்பதில்லை. இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: 1959 ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் வேண்டும்.

சுத்தம் செய்யக் கழற்றி மாட்டிய பிறகும் இதே சோதனைகளைச் செய்யுங்கள். சியர் ஸ்பிரிங்கின் மூன்று இலைகளில் வலதுபுற இலைதான் கிரிப் சேஃப்டியைத் தள்ளி நிறுத்துகிறது. மாட்டும்போது அது இடம் மாறி உட்கார்ந்தால், புதிதாகப் பொருத்திய விலையுயர்ந்த பாகமும் தொளதொளவென்று ஆடிக்கொண்டிருக்கும்.