'பாசிட்டிவிசம்' எப்படி நேர்மறைவாதம் ஆகும்?

சமூகவியல் பாடநூல், போட்டித்தேர்வுக் கையேடு, யூடியூப் வகுப்பு என்று எதைத் திறந்தாலும் பிரெஞ்சுத் தத்துவவாதி அகஸ்ட் காம்ட் பெயருக்குப் பக்கத்தில், அவருடைய 'பாசிட்டிவிசம்' என்ற கொள்கைக்குத் தமிழாக, 'நேர்மறைவாதம்' வந்து நிற்கிறது. (பிரெஞ்சில் அந்தப் பெயரின் கடைசி எழுத்துக்கு ஒலி கிடையாது, 'காம்டே' என்பதும் தவறுதான்.) ஒரு கையேட்டில் விளக்கம் வேறு கொடுத்திருந்தார்கள்: சமூகத்தின் நல்ல பக்கத்தைப் பார்க்கச் சொன்னவராம் அவர்! காம்டின் கொள்கைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. மொழிபெயர்ப்பிலிருந்து முளைத்த விளக்கம் இது.

சொல்லின் வேர் எளிது. லத்தீனில் 'போனெரே' என்றால் வைத்தல், நிறுவுதல். அதிலிருந்து வந்த 'பாசிட்டிவ்' பிரெஞ்சில் உறுதியானது, ஐயத்துக்கு இடமற்றது என்று விரிந்தது. காம்ட் 1830 முதல் 1842 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தத்துவ விரிவுரைகளின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. 'சோசியாலஜி' என்ற பெயரை அவர் வைத்ததும் அதன் நான்காம் தொகுதியில், 1839இல்தான்.

அவர் கணக்கில் மனித அறிவு மூன்று நிலைகளைக் கடக்கிறது. மழை ஏன் பெய்கிறது? கடவுள் பெய்விக்கிறார் என்பது முதல் நிலை. இயற்கைக்குள் ஏதோ ஓர் ஆற்றல் பெய்விக்கிறது என்பது இரண்டாவது. மூன்றாவதில் மூலகாரணத்தைத் தேடுவதையே விட்டுவிடுகிறோம். எந்தச் சூழலில் எப்படிப் பெய்கிறது என்று கவனித்து, மாறாத விதிகளைக் கண்டுபிடிக்கிறோம். இந்த மூன்றாம் நிலைக்குத்தான் 'பாசிட்டிவ்' என்று பெயர். இதில் நல்லெண்ணத்துக்கு என்ன வேலை?

'நேர்மறை' என்பவர்களுக்கும் ஒரு பிடி உண்டு. 1844இல் எழுதிய நூலில் காம்ட் தாமே இந்தச் சொல்லுக்குப் பல பொருள்களை அடுக்குகிறார்: உண்மையானது, பயனுள்ளது, உறுதியானது, துல்லியமானது, அப்புறம் 'நெகட்டிவ்' என்பதற்கு எதிரானது. சரி, ஆனால் அந்த நெகட்டிவ் எது? பழைய அமைப்பை விமர்சித்துத் தகர்ப்பதோடு நின்றுவிடும் சிந்தனையை அவர் அப்படிச் சொன்னார். தன் தத்துவம் அதற்கு மாறாக ஒழுங்குபடுத்தும், கட்டியெழுப்பும் என்பதே அவர் கருத்து. பல பொருள்களில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, அதையும் தன்முன்னேற்ற நூல்களின் 'நேர்மறை எண்ணம்' ஆக்கிவிட்டோம்.

அந்த 'நேர்மறை'யே கோணலான ஆக்கம். மறை என்றால் மறுப்பு. நம் இலக்கணத்தில் எதிர்மறைக்கு இணை உடன்பாடு. 'வந்தான்' உடன்பாடு, 'வாரான்' எதிர்மறை. இவ்வளவு அழகான சோடி கையில் இருக்கும்போது, மறுப்பைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் 'நேர்' சேர்த்து அதை மறுப்பின்மை ஆக்கியவர்கள் தமிழ் இலக்கணத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

'புலனறிவாதம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். இது எவ்வளவோ மேல். ஆனால் புலனுக்குப் பட்டதே போதும் என்றவரல்ல காம்ட். கோட்பாடு இல்லாமல் கவனிக்கவும் முடியாது என்றார். அறிவெல்லாம் புலனனுபவத்திலிருந்தே வருகிறது என்னும் அனுபவவாதத்தோடு குழம்பிவிடும் சொல் இது. நான் 'நேர்க்காட்சிவாதம்' பக்கம். காண்டல் (நேரே கண்டறிதல்), கருதல் (ஊகித்தறிதல்) என்று அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, பிரித்த மரபு நமக்கு உண்டு. அதில் காட்சி என்பது வெறும் பார்வை அன்று, அறியும் வழி. விதி தேடும் கூறு இதிலும் முழுதாக வராதுதான். இருந்தாலும் மாணவரைத் தப்பான வாசலில் கொண்டுபோய் விடாது.

ஆங்கில அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டும் பழக்கம் சட்டத்துறையிலும் புகுந்திருக்கிறது. 'பாசிட்டிவ் லா' என்பதை 'நேர்மறைச் சட்டம்' என்கிறார்கள். அதிகாரம் உள்ளவர் இயற்றி நடைமுறைக்குக் கொண்டுவந்த எந்தச் சட்டமும் அதில் அடங்கும், கொடுமையான சட்டமும்தான். அதற்கு 'இயற்றப்பட்ட சட்டம்' என்றே எழுதலாம். லத்தீன் வேரின் பொருளும் அதில் அப்படியே இருக்கிறது.