இடைநீக்கமா, இடைநிறுத்தமா? 'சஸ்பெண்ட்' என்ற சொல்லுக்குத் தமிழ்

"அவரை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்களாம்" என்று டீக்கடையில் ஒருவர் பேப்பரை மடித்தபடி சொன்னால், "அப்போ ஏதோ பண்ணியிருக்கான்" என்று அடுத்த பெஞ்சிலிருந்து தீர்ப்பு வந்துவிடும். வழக்கு விசாரணைக்கே வந்திருக்காது. இந்த அவசரத்துக்கு, நாம் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதும் விதமும் ஒரு காரணம்.

லத்தீனின் 'சஸ்பெண்டரே' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'சஸ்பெண்ட்' ஆனது. அதில் உள்ள 'பெண்டரே'வுக்குத் தொங்கவிடுதல், எடைபோடுதல் என இரு பொருளும் உண்டு. தமிழில் 'தூக்கு' என்ற சொல்லுக்கும் இவ்விரு பொருளும் உண்டு. 'சீர்தூக்கிப் பார்' என்கிறோம். சந்தையில் கைத்தராசு பிடிக்கும் வெங்காயக்கார அம்மாவைப் பாருங்கள். தட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது எடை சொல்ல மாட்டார். முள் நேராக நிற்கும்வரை காத்திருப்பார். சஸ்பெண்ட் என்பது அந்த ஆடும் நேரம்.

தமிழ்நாட்டில் இதைப் 'பணியிடை நீக்கம்' என்கிறோம். இலங்கையில் 'பணி இடைநிறுத்தம்'. எனக்கு இலங்கை வழக்கே சரியாகப் படுகிறது. 'இடைநீக்கம்' என்று எழுதினாலும் காதில் விழுவது 'நீக்கம்' மட்டும்தான். ஆனால் அரசு ஊழியர் ஒருவர் அப்படி வெளியே இருக்கும் நாட்களிலும் அவருக்குப் பிழைப்பூதியம், அதாவது சம்பளத்தில் ஒரு பகுதி, உண்டு. வேலை போகவில்லை, நிற்கிறது.

விளையாட்டுச் செய்திகளில் குழப்பம் இன்னும் பெரிது. ஆட்டத்தில் முறைகேடாக மோதியவருக்கு இரண்டு ஆட்டம் சஸ்பென்ஷன் என்றால் அது தண்டனை. நீதிமன்றத்தில் வழக்கு நிற்பவருக்கு சஸ்பென்ஷன் என்றால் அது காத்திருப்பு. ஆங்கிலம் ஒரே சொல்லால் இரண்டையும் சமாளிக்கிறது. நாமும் இரண்டுக்கும் 'தடை' என்று போட்டுவிடுகிறோம்.

2022 நவம்பரில், டி20 உலகக் கோப்பையின்போது இலங்கை வீரர் தனுஷ்க குணதிலக்க பாலியல் வன்கொடுமைப் புகாரில் சிட்னியில் கைதானார். இலங்கை கிரிக்கெட் நிறுவனம் அவரை எல்லா வகைக் கிரிக்கெட்டிலிருந்தும் உடனே விலக்கிவைத்தது. 2023 செப்டம்பரில் சிட்னி நீதிமன்றம் அவர் குற்றவாளி அல்ல என்றது. அக்டோபரில் அவர் மீண்டும் ஆடலாம் என்றாயிற்று. இடைப்பட்ட பதினோரு மாதத்தையும் 'தடை' என்று எழுதினால், தீர்ப்புக்கு முன்பே தண்டனை தந்ததாகிவிடாதா?

ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் இதற்கென்றே 2019இல் ஒரு விதி கொண்டுவந்தது. பெயர் 'நோ ஃபால்ட் ஸ்டேண்ட் டவுன்', அதாவது குற்றம் சுமத்தாமல் ஒதுக்கிவைப்பது. அதிகபட்சம் 11 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டு பதிவானால், வீரர் விதிப்படியே ஆட்டத்திலிருந்து ஒதுக்கிவைக்கப்படுவார். சம்பளம் முழுதாக வரும். ஜாக் டி பெலின் என்ற வீரர் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார், தோற்றார். 2021இல் அவர் மீதான வழக்கு கைவிடப்பட்டபோது இரண்டு சீசன்களுக்கு மேல் போயிருந்தன. சம்பளம் வந்தது, ஆனால் இழந்த அந்த வயது திரும்பாது.

இருந்தும் அந்த விதியின் பக்கமே நிற்கிறேன். மைதானத்தில் குற்றம்சாட்டப்பட்ட வீரருக்கு எழும் கைதட்டல், புகார் கொடுத்தவர் வீட்டு டிவியிலும் கேட்கும். அவர் புகாரை யாரும் பொருட்படுத்தவில்லை என்றே அவருக்குத் தோன்றும். அதேசமயம் வீரரைக் குற்றவாளி என்று முத்திரை குத்தும் உரிமை லீக்குக்குக் கிடையாது. இந்த இரண்டையும் மதிக்கும் வழி, கடும் குற்றச்சாட்டுக்கு மட்டும் ஆட்டத்தை நிறுத்தி, ஊதியத்தைத் தொடர்வதுதான். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். வைத்திருக்கும் 'கமிஷனர் எக்ஸெம்ப்ட் லிஸ்ட்' கிட்டத்தட்ட இதே ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டுக்குத் தமிழில் என் பரிந்துரை 'பழிசுமத்தா இடைநிறுத்தம்'. நீளம் என்றால் 'இடைநிறுத்தம்' போதும். விசாரித்து முடித்துத் தரும் தண்டனைக்கு மட்டும் 'தடை' இருக்கட்டும். அப்படி எழுதினால் 2023 அக்டோபர்த் தலைப்பு 'குணதிலக்க மீதான தடை நீக்கம்' என்று வராது. 'குணதிலக்கவின் இடைநிறுத்தம் முடிந்தது' என்று வரும்.