நுண்ணறையா, நுண்பையா? ஒரு தைராய்டுப் புற்றுநோயின் பெயர்

தைராய்டுப் புற்றுநோய் பற்றித் தமிழில் வரும் மருத்துவக் குறிப்புகளில் ‘நுண்ணறைத் தைராய்டுப் புற்றுநோய்’ என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. இந்தப் புற்றுநோயின் ஒரு வகையைக் குறிக்கும் ‘ஃபாலிகுலர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இணையாக அதை எழுதுகிறார்கள். இதைவிட மோசமாக ‘மயிர்க்கால் தைராய்டுப் புற்றுநோய்’ என்றும் பார்த்துவிட்டேன். இயந்திரம் மொழிபெயர்த்ததை ஒருமுறை படித்துக்கூடப் பார்க்காமல் வெளியிட்டிருக்கிறார்கள். கழுத்தில் கட்டி, கையில் பரிசோதனை அறிக்கை, மனம் நிறையக் கலக்கம் என்ற நிலையில் இருக்கும் ஒருவர் தமிழில் தேடினால் கிடைப்பது இதுதான். மயிர்க்கால் வெளிப்படையான பிழை, யாராவது சுட்டிக்காட்டினால் திருத்திவிடுவார்கள். நுண்ணறை அப்படியல்ல. பார்ப்பதற்கு நல்ல தமிழாக இருப்பதால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

மூலச்சொல் லத்தீன். ‘ஃபாலிஸ்’ என்றால் கொல்லன் உலைக்குக் காற்றூதும் துருத்தி; தோல்பைக்கும் அதுவே பெயர். அதன் குறுமை வடிவம் ‘ஃபாலிகுலஸ்’, அதாவது சிறிய பை. தாவரவியலில் ஒரு பக்கமாக மட்டும் வெடிக்கும் கனிக்கும் இதே பெயர்தான். நம் பாடநூல்கள் அதை ஒருபுற வெடிகனி என்கின்றன. எருக்கங்காயைப் பார்த்தவருக்கு ஊதிய பை என்ற பொருள் உடனே பிடிபட்டுவிடும். முடி முளைக்கும் இடத்துக்கும், சூலகத்தில் முட்டை வளரும் இடத்துக்கும், தைராய்டின் உள்ளமைப்புக்கும் ஐரோப்பிய மொழிகள் இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டன. தமிழிலும் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முடிக்கு மயிர்க்கால் என்பது நாம் பிறந்ததிலிருந்து கேட்டுவரும் சொல். அது அங்கேயே இருக்கட்டும்.

தைராய்டின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் தெரிவது உருண்டை உருண்டையான பைகள். ஒற்றை வரிசையில் அமைந்த செல்கள் ஒவ்வொரு பைக்கும் சுவராக இருக்கின்றன. உள்ளே தைரோகுளோபுலின் என்ற புரதம் செறிந்த கூழ்மம் நிரம்பியிருக்கிறது. மற்ற நாளமில்லாச் சுரப்பிகள் தாங்கள் உண்டாக்குவதைச் செல்லுக்குள்ளேயே கொஞ்சமாக வைத்திருக்கும். தைராய்டோ செல்லுக்கு வெளியே, இந்தப் பைகளுக்குள், வாரக்கணக்கில் உடலுக்குத் தேவையான இயக்குநீரை, அதாவது ஹார்மோனை, சேமித்து வைக்கிறது. இதற்குப் ‘பை’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. இரைப்பை, பித்தப்பை, கருப்பை, சிறுநீர்ப்பை என்று, ஒன்றைத் தாங்கி வைத்திருக்கும் உறுப்பையெல்லாம் தமிழ் பை என்றுதான் அழைத்து வந்திருக்கிறது.

அறை என்பது வேறு. தடுப்புச் சுவரால் பிரிக்கப்பட்ட இடம் அது. இதயத்தின் மேலறை, கீழறை என்று சொல்லும்போது அது சரியாகப் பொருந்துகிறது. அங்கே தடுப்பு இருக்கிறது, ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் குருதி போகிறது. தைராய்டின் பைகளுக்கு இடையே வாசலும் இல்லை, போக்குவரத்தும் இல்லை. ‘நுண்’ என்று முன்னால் சேர்த்துவிட்டால் அறை பையாகிவிடாது.

இருந்தும், இது வெறும் சொல்நயம் பற்றிய வழக்காக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். சூலகத்துக்கு நுண்ணறை என்பது ஏற்கெனவே வழங்கிவிட்டது, பழகிய சொல்லை ஏன் கலைக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பழகிய சொல் என்ற வாதத்தையே நானும் எடுக்கிறேன். பள்ளியில் அறிவியல் படித்த தமிழருக்கு நுண்ணறை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது எது? நுரையீரல். ஆக்சிஜன் குருதிக்குள் போகும் காற்று நுண்ணறைகள். அந்தச் சொல் அங்கே வேரூன்றிவிட்டது. இப்போது இந்தப் புற்றுநோயின் போக்கைப் பாருங்கள். தைராய்டுப் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படும் பாப்பில்லரி வகை பெரும்பாலும் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும். ஃபாலிகுலர் வகை அந்த வழியில் போவது குறைவு. குருதிநாளங்களுக்குள் புகுந்து தொலைவுக்குப் போகும் இயல்புடையது அது. அது சென்று தங்கும் இடங்களில் முதன்மையானவை எலும்பும் நுரையீரலும். நோய் கண்டறியப்படும்போதே ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அது இப்படித் தொலைவுக்குப் பரவியிருக்கிறது.

‘நுண்ணறைப் புற்றுநோய் நுரையீரலில் காணப்படுகிறது’ என்ற வாக்கியத்தை ஒரு நோயாளியின் மகன் படிப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்றுதான் அவர் புரிந்துகொள்வார். இரண்டும் வெவ்வேறு நோய்கள், மருத்துவமும் வேறு. நுரையீரலுக்குப் போன பிறகும் இந்தப் புற்றுநோய்ச் செல்கள் பல நேரங்களில் தைராய்டுச் செல்லின் குணத்தை விடாமல் அயோடினை உறிஞ்சிக்கொள்ளும். கதிரியக்க அயோடின் மருத்துவம் அந்தக் குணத்தை நம்பித்தான் நடக்கிறது. பெயர் அந்த மகனைத் தவறான இடத்துக்கு அனுப்பினால், இந்த நம்பிக்கையான செய்தி அவருக்குப் போய்ச் சேராது. தூய தமிழ் வேண்டும் என்பதில் யாருக்கும் குறையாத பிடிவாதம் எனக்கு உண்டு. ஆனால் ஒரு சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கும்போது, அதே உடலுக்குள் அதற்கு இன்னொரு வீடு கட்டுவது தூய்மையும் ஆகாது, தெளிவும் ஆகாது.

இலங்கைப் பாடநூல் மரபில் சூலகத்தின் அமைப்பைப் ‘புடைப்பு’ என்பார்கள். இலங்கைக் கலைச்சொல்லாக்கத்தின் மேல் எனக்கு நிறைந்த மதிப்பு உண்டு. பல இடங்களில் அவர்கள் நம்மைவிடத் துணிவாகவும் ஒழுங்காகவும் செய்திருக்கிறார்கள். ஆனால் தைராய்டுக்கு அது உதவாது. கழுத்தில் வெளியே தெரிவதே ஒரு புடைப்புதான். எந்தத் தைராய்டுக் கட்டியும் புடைத்துத்தான் இருக்கும். ‘புடைப்புப் புற்றுநோய்’ என்றால் எந்த வகை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எனவே நுண்பை. அதிலும் ‘நுண்பைப் புற்றுநோய்’ என்று நிறுத்துவதைவிட ‘நுண்பைவகைத் தைராய்டுப் புற்றுநோய்’ என்று எழுதுவதையே விரும்புகிறேன். பாப்பில்லரி வகையும் இந்தப் பைகளின் சுவரிலுள்ள அதே செல்களிலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே ஃபாலிகுலர் வகைக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் பிறப்பிடம் அல்ல, புற்றுச் செல்கள் நுண்ணோக்கியில் மீண்டும் சிறுசிறு பைகளாகவே அடுக்கியிருப்பது. ‘வகை’ என்ற ஈரெழுத்து இந்த வேறுபாட்டைக் காப்பாற்றிவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் மீதான என் வருத்தம் இந்த ஒரு சொல்லோடு முடியவில்லை. ஒரு நோய் முதன்முதலில் எந்த வடிவில் மருத்துவர் முன் வருகிறது என்பதை ஆங்கில மருத்துவ நடையில் ‘பிரசன்டேஷன்’ என்பார்கள். அதைத் தமிழில் ‘விளக்கக்காட்சி’ என்று எழுதுகிறார்கள்! அலுவலகக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டுவது விளக்கக்காட்சி. ‘நோய் வெளிப்படும் விதம்’ என்று எளிதாகச் சொல்லலாமே. இந்த நோய் வெளிப்படும் விதம் அமைதியானது. பெரும்பாலோருக்கு வலியில்லாத ஒற்றைக் கட்டி. விழுங்கும்போது கூடவே ஏறி இறங்கும். குருதியில் தைராய்டு அளவுகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆகவே ‘அளவு சரியாக இருக்கிறது, கவலையில்லை’ என்று விட்டுவிடுவது ஆபத்து. ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதி, நடுவயதுக்குப் பிறகு மிகுதி, அயோடின் குறைந்த நிலப்பகுதிகளில் மிகுதி. பல ஆண்டுகளாக இருந்த கழலை திடீரென்று வேகமாகப் பெருப்பதும், குரல் கம்முவதும், விழுங்கச் சிரமப்படுவதும் மருத்துவரிடம் ஓட வேண்டிய அறிகுறிகள். சிலருக்குக் கழுத்தில் எதுவும் தெரியாமல், இடுப்பெலும்போ முதுகெலும்போ சிறு அடியில் முறிந்து, அந்த எலும்பைச் சோதிக்கும்போதுதான் மூலம் தைராய்டு என்று தெரியவரும்.

‘கேப்சுலர் இன்வேஷன்’ என்பதைக் ‘காப்ஸ்யூல் படையெடுப்பு’ என்று எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. காப்ஸ்யூல் என்றால் நம் மக்களுக்கு விழுங்கும் மாத்திரை. இங்கே அது கட்டியைச் சூழ்ந்த உறை, நடப்பது ஊடுருவல். இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் வேறு எந்தத் தைராய்டுப் புற்றுநோயைவிடவும் இங்கே கூடுதல். ஊசியால் உறிஞ்சி எடுத்த செல்களை மட்டும் பார்த்து, இது தீங்கற்ற நுண்பைக் கட்டியா, புற்றுநோயா என்று பிரிக்க முடியாது. செல்கள் இரண்டிலும் ஒன்றுபோலவே தோன்றும். உறையையோ குருதிநாளத்தையோ கட்டி ஊடுருவியிருக்கிறதா என்பதே தீர்ப்பு. அதைப் பார்க்க, கட்டி இருக்கும் தைராய்டு மடலை அறுவை செய்து எடுத்து, உறை முழுவதையும் சோதிக்க வேண்டும். இந்தச் செய்தி தமிழில் ஒழுங்காகக் கிடைக்காததால், ‘ஊசி வைத்தும் என்னவென்று சொல்லவில்லை, வெட்டிப் பார்க்கிறேன் என்கிறார்கள்’ என்று மருத்துவரைச் சந்தேகிக்கிறவர்களைப் பார்க்கிறோம். மருத்துவர் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையில் முதல்முறை வரும்போது ‘ஃபாலிகுலர் எனப்படும் நுண்பைவகைத் தைராய்டுப் புற்றுநோய்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். நோயாளியின் கையிலுள்ள அறிக்கையில் ஆங்கிலப் பெயர்தான் இருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வழி வேண்டும். அடுத்த வரியிலிருந்து நுண்பைவகை என்றே எழுதலாம். உறை ஊடுருவல், குருதிநாள ஊடுருவல், தொலைபரவல் ஆகிய சொற்களையும் அதே கட்டுரையில் கடைசிவரை மாற்றாமல் எழுதுங்கள்.