பதினோராவது நிமிடத்தில் என்ன தெரிந்தது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி அறுவை மருத்துவர். பித்தப்பைக் கல்லுக்காக வந்த ஒரு பெண்மணிக்கு லேப்ராஸ்கோப் (சிறு துளை வழியே செலுத்தும் கேமராக் குழாய்) மூலம் அறுவை செய்தபோது, வெட்டக் கூடாத குழாயை வெட்டிவிட்டார். மறு அறுவைக்குப் பிறகு அந்தப் பெண்மணி நலமாக வீடு திரும்பிவிட்டார். தம்பிதான் இன்னும் மீளவில்லை.

"சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அந்த அறுவையின் வீடியோவையே பார்க்கிறான். தே தாரிக் தேநீர் ஆறி ஆடை படிந்துவிடுகிறது. பதினோராவது நிமிடத்தில் நிறுத்தி, 'இங்கேயே தெரிகிறதே அக்கா, எனக்கு எப்படித் தெரியாமல் போனது?' என்கிறான். அம்மாவோ கெட்ட நேரம் என்று தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். அறிவியல் என்ன சொல்கிறது?"

தூக்கம் கெடுவதும் நெஞ்சு படபடப்பதும் பள்ளியில் படித்த அட்ரினலின் கதைதான். அதிர்ச்சியான நேரத்தில் சுரக்கும் அது நினைவையும் சேர்த்து அழுத்திப் பதித்துவிடும். தன் தவறால் தானும் உடைந்துபோகும் மருத்துவரின் இந்த நிலைக்கு 2000ஆம் ஆண்டில் ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க மருத்துவர் 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று பெயர் வைத்தார். தம்முடன் பயிற்சியில் இருந்த ஒருவர் ஈசிஜியில் ஓர் அறிகுறியைக் கவனிக்கத் தவறியதையும், சக மருத்துவர்களே கூடிக்கூடிப் பேசி அவரைத் திறமையற்றவர் என்று தீர்ப்பளித்ததையும் வூ எழுதினார். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சில இந்தப் பெயரை ஏற்பதில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

எனக்குப் பிடித்த இடம் அந்தப் பதினோராவது நிமிடம்.

பித்தப்பையிலிருந்து ஒரு சிறு நாளம் (பித்தநீர்க் குழாய்) கிளம்பி, கல்லீரலிலிருந்து இறங்கும் பெரிய நாளத்தோடு சேருகிறது. வெட்ட வேண்டியது சிறியதை. ஆனால் பித்தப்பையைப் பிடித்து மேல்நோக்கி இழுக்கும்போது, பக்கவாட்டிலும் விலக்கிப் பிடிக்காவிட்டால், இரண்டு நாளங்களும் ஒரே கோட்டில் வந்துவிடும். பெரியதே நேராகப் பித்தப்பைக்குள் போவதுபோலத் திரையில் தெரியும். கண் அதை நம்பிவிட்டால், வெட்டுமுன் நாளத்தை அடைக்கக் கிளிப் போடும் கை தடுமாறுவதில்லை. லாரன்ஸ் வே என்ற அறுவை மருத்துவரின் குழு இத்தகைய 252 காயங்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டது. அவற்றில் 97 சதவீதத்துக்கு முதன்மைக் காரணம் காட்சி மயக்கம். கைத்திறன் குறைவு வெறும் 3 சதவீதம்.

அப்படியானால், இப்போது மட்டும் தம்பிக்கு எப்படித் தெளிவாகத் தெரிகிறது? விடை தெரிந்த பிறகு பார்க்கிறார், அதனால்தான். கூர்க்காக்கள் இதை நமக்குப் புரியவைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? பாருக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நேபாளத்துக் கூர்க்காக்களுக்கும் ஆங்கிலேயருக்கும் 1814இல் மூண்ட மோதலைப் பற்றிய ஒரு பத்தியைப் பலரிடம் கொடுத்தார். ஒரு குழுவுக்கு முடிவைச் சொல்லவில்லை. மற்றக் குழுக்களில் ஒன்றுக்கு ஆங்கிலேயர் வென்றதாகவும், இன்னொன்றுக்குக் கூர்க்காக்கள் வென்றதாகவும், வேறு சிலவற்றுக்கு யாரும் வெல்லவில்லை என்றும் சொன்னார். பிறகு, முடிவு தெரியாமல் இருந்திருந்தால் எதை எதிர்பார்த்திருப்பீர்கள் என்று கேட்டார். எந்த முடிவு சொல்லப்பட்டதோ, அதையே எதிர்பார்த்திருப்போம் என்ற பக்கம் ஒவ்வொரு குழுவும் சாய்ந்தது. சொன்னதை மறந்துவிட்டுப் பதில் தாருங்கள் என்று கேட்டும் பார்த்தார். அவர்களால் முடியவில்லை. பாலில் கலந்த டிகாஷனைத் திரும்பப் பிரிக்க முடியுமா?

தம்பி பார்க்கும் வீடியோவிலும் அந்த டிகாஷன் கலந்திருக்கிறது. அன்று சந்தேகமே இல்லாமல் கடந்துபோன ஒரு நிழலை, இன்று மூளை மஞ்சள் மை பூசிக் காட்டுகிறது. இதில் பெரிய கொடுமை என்னவென்றால், தன் மூளை திருத்தி எழுதியிருப்பது அவருக்கே தெரியாது. அன்றும் அப்படித்தான் தெரிந்தது என்று சத்தியம் செய்வார்.

கோயில் படி ஏறுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மூச்சு வாங்கினால் தூக்கமாவது வரும். கெட்ட நேரம் என்பதில்தான் ஆட்சேபம். தவறு கிரகத்தின் கணக்கில் போய்விட்டால், பித்தப்பையை இழுத்த திசையை யார் பார்ப்பார்கள்? மருத்துவர்கள் மட்டும் என்ன, வேலை குவியும் இரவுகளில் உடன் இருப்பவரை 'ஜோனா', ராசியில்லாதவர் என்று நம் மருத்துவமனைகளில் சொல்வதில்லையா? அறுவையைச் சுற்றி நேரும் மரணங்களை ஆராய மலேசிய சுகாதார அமைச்சு 1992இலேயே ஏற்பாடு செய்த நாடு இது. என்ன நடந்தது என்று கேட்பதில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். செய்தவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்குத்தான் பணமும் நேரமும் கிடைப்பதில்லை. புதிய கேமரா கோபுரம் (லேப்ராஸ்கோப் கருவிகளின் அடுக்கு) வாங்கும் தொகையில் ஒரு துளி போதும் என்பது என் எண்ணம்.

வாசகிக்கு ஒன்று சொல்கிறேன். தம்பி அந்த வீடியோவைத் தனியாகப் பார்க்க வேண்டாம். நோயாளியின் பெயர் இல்லாமல், அவர் துறையைச் சேர்ந்த, நடந்தது தெரியாத ஒரு மூத்தவரிடம் காட்டச் சொல்லுங்கள். முடிவைச் சொல்லாமல் முதல் நிமிடத்திலிருந்து ஓடவிட்டு, பதினோராவது நிமிடத்தில் நிறுத்தி, "அடுத்து எங்கே கிளிப் போடுவீர்கள்?" என்று கேட்கட்டும்.